எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது? சுசுகியும் எங்க சித்தப்பாவோட ஆம்னியும்



நம்ம டிபார்ட்மென்ட்ல யார்கிட்ட வேணும்னாலும் "உனக்குப் பிடிச்ச ஜப்பான் கார் எது?"ன்னு கேட்டுப் பாருங்க. சுப்ரா, ஜி.டி.ஆர்., சிவிக் டைப் ஆர்... லேப்டாப் வால்பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான் பதிலா வரும். ஃபர்ஸ்ட் இயர்ல நானும் அப்படித்தான். "நீ முதல்ல ஓட்டின ஜப்பான் கார் எது?"ன்னு யாராவது கேட்டா மட்டும் பேச்சை மாத்திடுவேன். ஏன்னா அது எங்க சித்தப்பாவோட மாருதி ஆம்னி.

எங்க ஊர் கள்ளக்குறிச்சி டவுன்ல கருணாபுரம். பேரைச் சொன்னதும் 2024 ஜூன் மாசம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். இந்தக் கட்டுரை அதைப் பத்தி இல்ல. அதே தெருக்கள்ல இருந்து தினமும் காலையில வேலைக்குக் கிளம்புற ஒரு வண்டியைப் பத்தி.

சித்தப்பா அந்த ஆம்னியை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார். கள்ளக்குறிச்சி கடைகள்ல மளிகைச் சரக்கு ஏத்தி, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, கல்வராயன் மலைமேல வெள்ளிமலை வரைக்கும் கொண்டுபோய் இறக்குவார். திரும்பி வரும்போது மலையில விளையுறது எது கிடைக்குதோ அது: மரவள்ளி, பலா, கடுக்காய். நடுவுல கை காட்டுற ஆளுங்களும் ஏறிப்பாங்க.

போன லீவுல வீட்டுக்குப் போனப்போ சித்தப்பா கேட்டார்: "ஏம்மா, எஃப்.சி.க்கு விடணும். டிங்கர் வேலை, பெயின்ட்டு, டயருன்னு கணக்குப் போட்டா பெரிய தொகை வருது. நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே. வச்சிக்கலாமா, வித்துடலாமா? நீயே சொல்லு."

நாலு வருஷத்துல என்கிட்ட யாரும் இவ்ளோ நேரடியான இன்ஜினியரிங் கேள்வி கேட்டதில்ல. வைவாவில கூட! பதில் சொல்றதுக்காகத் தேட ஆரம்பிச்சேன். தேடல் ஜப்பான்ல ஒரு தறியில போய் நின்னுச்சு.

தறியில ஆரம்பிச்ச கதை

ஜப்பான்ல ஹமாமட்சுன்னு ஒரு ஊர். பருத்தி நெசவுக்குப் பேர்போன பகுதி. நம்ம பக்கம் சேலம், ஈரோடு மாதிரி வச்சிக்கங்க. அங்க தச்சு வேலை கத்துக்கிட்ட மிச்சியோ சுசுகின்னு ஒரு இளைஞர், 1909-ல தறி செய்யுற பட்டறை போட்டார். அவர் முதல்ல செஞ்ச மிதி தறி அவரோட அம்மாவுக்காகன்னு சொல்வாங்க. 1920-ல பட்டறை கம்பெனியாச்சு.

ஆச்சரியம் என்னன்னா, யமஹாவும் ஹமாமட்சுவில பிறந்த கம்பெனிதான். ஹோண்டாவை ஆரம்பிச்ச சொய்ச்சிரோ ஹோண்டாவும் அந்தப் பக்கத்துக்காரர்தான். டொயோட்டா கூட தறி கம்பெனியில இருந்து வந்ததுதான். தறியில நெம்புகோல் இருக்கு, கேம் இருக்கு, நேரம் தப்பாத அசைவு இருக்கு. அதைத் துல்லியமா செய்யத் தெரிஞ்ச கைக்கு இன்ஜின் ரொம்ப தூரம் இல்ல. கோயம்புத்தூர்ல நூல் மில்லுங்க வந்த பிறகு அதைச் சுத்தி மோட்டாரும் பம்பும் லேத்தும் வளர்ந்ததை நினைச்சுப் பாருங்க. அதே கணக்கு.

1930-கள் கடைசியில சுசுகி ஒரு சின்ன கார் செஞ்சு பார்த்தாங்க. போர் வந்து அதை நிறுத்திடுச்சு. போருக்கு அப்புறம் நெசவுத் தொழிலும் படுத்துடுச்சு. 1952-ல வந்ததுதான் 'பவர் ஃப்ரீ': சைக்கிள்ல மாட்டுற 36 சி.சி. இன்ஜின். இன்ஜின்ல மட்டும் போகலாம், பெடல் மட்டும் மிதிக்கலாம், ரெண்டையும் சேர்த்தும் போகலாம். மக்கள்கிட்ட ஏற்கனவே இருந்தது சைக்கிள். அதைத் தூக்கிப் போடச் சொல்லாம, அதுக்கு மேல என்ன கொஞ்சம் சேர்க்கலாம்னு யோசிச்சாங்க.

1955-ல முதல் கார், சுசுலைட். 360 சி.சி., ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஃப்ரன்ட் வீல் டிரைவ். ஜப்பான் அரசு அப்போ 'கெய்' கார்னு ஒரு வகை வச்சிருந்துச்சு. நீளம் 3 மீட்டர், இன்ஜின் 360 சி.சி. தாண்டக் கூடாது. தாண்டலன்னா வரி கம்மி. இந்த வரம்பு பின்னாடி 550, அப்புறம் 660 சி.சி.ன்னு கூடுச்சு. சுசுகியோட மொத்த மூளையும் இந்தச் சின்னப் பெட்டிக்குள்ள வளர்ந்ததுதான்.

'1 கிராம், 1 யென்'

1978-ல ஒசாமு சுசுகி தலைவரானார். இவர் பிறந்த வீட்டுப் பேர் மட்சுடா. சுசுகி குடும்பத்துல பொண்ணு கட்டி, வழக்கப்படி அந்தக் குடும்பப் பேரையே எடுத்துக்கிட்டவர். நம்ம பாஷையில வீட்டோட மாப்பிள்ளை! கம்பெனிக்குள்ள கஞ்சத்தனத்துக்குப் பேர்போன ஆள். தொழிற்சாலையில தேவையில்லாத ஒரு லைட் எரிஞ்சாலும் கண்ணுல பட்டுடுமாம்.

அடுத்த வருஷமே, 1979-ல, ஆல்ட்டோ வந்துச்சு. விலை 4,70,000 யென். அந்தக் காலத்துக்கே கம்மி. எப்படி முடிஞ்சுது? பயணிகள் காரா பதிவு பண்ணா ஒரு வரி இருந்துச்சு, சரக்கு வண்டின்னா இல்ல. அதனால பின்சீட்டை ஒப்புக்கு வச்சு, சரக்கு வண்டியாவே வித்தாங்க. பெரும்பாலும் காருக்குள்ள ஒருத்தரோ ரெண்டு பேரோதான் போறாங்கங்கறதை அவங்க கவனிச்சிருந்தாங்க.

சுசுகிக்கு இன்னைக்கும் ஒரு தாரக மந்திரம் இருக்கு. 'ஷோ ஷோ கெய் டான் பி'. அர்த்தம்: சின்னதா, கம்மியா, லேசா, குட்டையா, அழகா. இதுக்குத் துணையா இன்னொண்ணு: ஒவ்வொரு பாகத்துலயும் 1 கிராம், 1 யென் குறை.

இதுல கஞ்சத்தனத்தை மட்டும் பார்த்தா விஷயம் புரியாது. எடைக்கு ஒரு சங்கிலி குணம் இருக்கு. பாடி லேசானா சின்ன இன்ஜின் போதும். இன்ஜின் சின்னதானா கியர்பாக்ஸ், ஸ்பிரிங், பிரேக் எல்லாம் சின்னதாகும். அதனால வண்டி இன்னும் லேசாகும். பெட்ரோல் கம்மியா குடிக்கும், டேங்கும் சின்னது போதும். ஒரு இடத்துல குறைச்ச கிலோ இன்னும் பத்து இடத்துல குறைக்க வைக்கும். ஏத்தினாலும் அப்படியேதான், சங்கிலி எதிர்ப்பக்கம் ஓடும்.

இந்தியாவுக்கு வந்தப்போ

1971-ல சஞ்சய் காந்தி ஆரம்பிச்ச மாருதி கம்பெனி, மக்கள் கார்னு சொல்லிட்டு கடைசியில மூடுற நிலைக்குப் போயிடுச்சு. அவர் 1980-ல இறந்த பிறகு அரசு அதை எடுத்துக்கிச்சு. 1981-ல மாருதி உத்யோக் உருவாச்சு. கூட்டுச் சேர வெளிநாட்டுக் கம்பெனி தேடினாங்க. ஜப்பான்லயே சின்னக் கம்பெனிகள்ல ஒண்ணா இருந்த சுசுகி முன்வந்துச்சு. 1982 அக்டோபர்ல ஒப்பந்தம். சுசுகிக்கு 26 சதவீதப் பங்கு.

1983 டிசம்பர் 14. ஒரு இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் கையில இந்திரா காந்தி முதல் மாருதி 800-ஓட சாவியைக் கொடுத்தாங்க. 796 சி.சி., மூணு சிலிண்டர். அப்போ ரோட்டுல இருந்த அம்பாசடருக்கு 1489 சி.சி. இன்ஜின், எடை ஒரு டன்னுக்கு மேல. மாருதி சுமார் 650 கிலோதான். பாதி இன்ஜின்தான், ஆனா அது தள்ள வேண்டிய பாரமும் கிட்டத்தட்ட பாதி. காலையில ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகும் காருங்கறதே அப்போ பெரிய செய்தி. வண்டி வர்றதுக்கு முன்னாடியே லட்சம் பேருக்கு மேல பணம் கட்டி புக் பண்ணாங்க.

அதே சமயம் நம்ம ஓசூர்ல இன்னொரு கதை. டி.வி.எஸ்.ஸும் சுசுகியும் சேர்ந்து 1984-ல 'இந்த் சுசுகி' 100 சி.சி. பைக் விட்டாங்க. அந்த வரிசையில பின்னாடி சாமுராய், ஷோகன், மேக்ஸ் 100 எல்லாம் வந்துச்சு. பால் கேனை ரெண்டு பக்கமும் கட்டிக்கிட்டுப் போற மேக்ஸ் 100-ஐ எங்க ஊர்ல பார்க்காத ஆளே கிடையாது. 2001-ல ரெண்டு கம்பெனியும் பிரிஞ்சுடுச்சு. கத்துக்கிட்ட வேலை ஓசூர்லயே தங்கிடுச்சு.

மாருதி தொழிற்சாலைக்கு ஜப்பான்ல இருந்து இன்ஜின் மட்டும் வரல, ஒரு பழக்கமும் வந்துச்சு. மேனேஜரும் தொழிலாளியும் ஒரே யூனிஃபார்ம், ஒரே கேன்டீன். அப்போ இந்திய ஆபீஸ்கள்ல இது நினைச்சுக்கூடப் பார்க்க முடியாத விஷயம். ஆனா அதே கம்பெனியோட மானேசர் ஆலையில சங்கம் வைக்கிற உரிமை, ஒப்பந்தத் தொழிலாளர் சம்பளம்னு 2011-ல இருந்தே பிரச்சினை புகைஞ்சது. 2012 ஜூலை 18 வன்முறையில மனிதவளத் துறை மேலாளர் ஒருத்தர் உயிர் போச்சு. ஆலை ஒரு மாசம் பூட்டிக் கிடந்துச்சு. பிறகு பல தொழிலாளர்கள் ஜெயிலுக்குப் போனாங்க. செலவைக் குறைக்கிற கணக்கு கிராம்ல முடியாம ஆட்கள்கிட்ட வந்து நிக்கும்போது என்ன ஆகும்ங்கறதையும் சேர்த்துப் படிக்கணும்.

இப்போ ஆம்னிக்கு வருவோம்

1984-ல 'மாருதி வேன்'னு வந்து, பிறகு ஆம்னின்னு பேர் மாத்தின வண்டி. ஜப்பான்ல சுசுகி 'கேரி'ங்கற கெய் வேன்தான் இதோட அண்ணன். அங்க இது வயல் நடுவுல ஓடுற ஒடுக்கமான ரோட்டுக்கும் சின்ன வியாபாரிங்களுக்கும் செஞ்சது. நம்ம மலை ரோட்டுல அது ஏன் இவ்ளோ நல்லா ஓடுதுன்னு இப்போ புரியுதா?

இன்னும் உள்ள போவோம். இன்ஜின் எங்க இருக்கு? முன்சீட்டுக்கு அடியில. டிரைவ் எங்க? பின்சக்கரத்துல. மேடு ஏறும்போது வண்டியோட பாரம் பின்பக்கம் சாயும். சரக்கும் பின்னாடிதான். ஆக, தள்ளுற சக்கரத்து மேலயே பாரம் உட்காருது, பிடிமானம் கூடுது. ஃப்ரன்ட் வீல் டிரைவ் வண்டி அதே மேட்டுல முன்சக்கரம் லேசாகித் திணறும். "சரக்கு இருந்தா வண்டி சிரிச்சுக்கிட்டே ஏறும்மா. சும்மா போனாத்தான் அடம் புடிக்கும்"னு சித்தப்பா சொல்றதுக்கு இதுதான் இயற்பியல். வெயிட் டிரான்ஸ்ஃபர்னு நான் பரீட்சையில எழுதினதை அவர் பல வருஷமா ஸ்டியரிங்ல எழுதிட்டு இருக்கார்.

நீளம் 3.4 மீட்டருக்குள்ள. சைடுல தள்ளுற கதவு, அதனால சந்துலயும் இறக்கலாம். ரிப்பேர்னா கச்சிராயபாளையத்துலயே முடிஞ்சிடும். இவ்ளோவும் ப்ளஸ் பாயின்ட். நான் வச்சிக்கலாம்னு சொல்லலாம்னுதான் இருந்தேன்.

ஆனா வெள்ளிமலைக்கு ஒருதடவை கூடப் போனப்போ முன்சீட்ல உட்கார்ந்து காலைப் பார்த்தேன். இறங்கினதும் என் பாதம் இருந்த இடத்துல இருந்து பம்பர் வரைக்கும் வெளியில கையால அளந்து பார்த்தேன். ஒரு முழம். அவ்ளோதான்.

ஒரு முழத்தோட கணக்கு

ரொம்ப எளிமையாக்கின கணக்குதான், நோட்ல போட்டுப் பாருங்க. வண்டி 50 கி.மீ. வேகத்துல போகுது, அதாவது வினாடிக்கு சுமார் 13.9 மீட்டர். நேரா எதுலயோ மோதி நிக்குது. முன்பக்கம் நசுங்குற தூரத்துலதான் நாம நிக்கணும். வேகத்தை வர்க்கப்படுத்தி, நிக்கிற தூரத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா வேகம் குறையுற வீதம் கிடைக்கும்.

நிக்கிற தூரம் 0.8 மீட்டர்னா, அது புவியீர்ப்பைப் போல சுமார் 12 மடங்கு. 0.4 மீட்டர்னா சுமார் 25 மடங்கு. 60 கிலோ ஆளை ஒன்றரை டன் பிடிச்சு இழுக்குற மாதிரி. இதுவும் அந்த ஒரு முழம் முழுசும் ஒழுங்கா நசுங்கி, கால் இருக்குற இடம் அப்படியே மிஞ்சினாத்தான். நிஜத்துல அப்படி நடக்காது.

ஏன் அப்படி செஞ்சாங்க? கெட்ட எண்ணம் எதுவும் இல்ல. வண்டியோட நீளத்துக்கு வரம்பு இருந்துச்சு. அதுக்குள்ள சரக்குக்கு அதிக இடம் வேணும்னா ஆளை முன்னாடி நகர்த்துறதுதான் வழி. மூக்கை வெட்டிட்டாங்க. எந்தக் குறைப்பால ஆம்னி எங்க மலைக்கு ஏத்த வண்டி ஆச்சோ, அதே குறைப்புதான் அதோட பெரிய பலவீனம்.

இது எனக்கு மட்டும் தோணினது இல்ல. 1998-ல ஜப்பானே கெய் கார்களோட நீளத்தையும் அகலத்தையும் கூட்டுச்சு. காரணம் மோதல் பாதுகாப்பு. அடுத்து வந்த கேரி வேனுக்குக் குட்டியா ஒரு மூக்கு முளைச்சுது. அந்த வம்சத்துலதான் நம்ம ஊர் வெர்சாவும், 2010-ல ஈகோவும் வந்துச்சு. இந்தியாவுல பாதுகாப்பு விதிகளும் மாசு விதிகளும் இறுகினதும் 2019-ல ஆம்னி தயாரிப்பு நின்னுச்சு.

மூக்கு மட்டும் போதாதுங்கறதையும் சொல்லணும். 2014-ல குளோபல் என்கேப் சோதனையில ஏர்பேக் இல்லாத ஆல்ட்டோ 800-க்கு பூஜ்யம் ஸ்டார். 2016-ல ஏர்பேக் இல்லாத ஈகோவுக்கும் பூஜ்யம். சுசுகி மட்டும் இல்ல, அந்தச் சோதனைகள்ல வேற கம்பெனி சின்ன கார்களும் அதே பூஜ்யம்தான் வாங்குச்சு. லேசான வண்டின்னா இப்படித்தான் இருக்கும்னு ரொம்ப நாள் பேசிட்டு இருந்தாங்க. 2024 நவம்பர்ல புது டிசையர் அதே குளோபல் என்கேப்ல 5 ஸ்டார் வாங்குச்சு. அப்போ லேசும் பத்திரமும் சேர்ந்து வரும். எஃகு எங்க வலுவா இருக்கணும், எங்க மடங்கணும்னு முடிவு பண்ற வேலை அது.

ஒசாமு சுசுகி 2024 டிசம்பர் 25-ஆம் தேதி, 94 வயசுல இறந்தார். மறைவுக்குப் பிறகு, 2025-ல இந்தியா அவருக்கு பத்ம விபூஷண் அறிவிச்சுது. அதே 2025 ஜனவரியில, குருகிராம்ல செய்யுற 5 கதவு ஜிம்னியை ஜப்பான்ல அறிமுகப்படுத்தினாங்க. நாலே நாள்ல சுமார் 50,000 ஆர்டர். தாங்க முடியாம புக்கிங்கை நிறுத்தினாங்க. தறி ஊர்ல இருந்து நமக்கு வந்த வித்தை, நாம செஞ்ச வண்டியா அங்க திரும்பிப் போயிருக்கு.

சித்தப்பாவுக்கு என்ன சொன்னேன்?

"வித்துடு சித்தப்பா"ன்னுதான் சொன்னேன். நோட்டை விரிச்சு கணக்கைக் காட்டினேன். அவர் கணக்கைப் பார்க்கல, என்னைத்தான் பார்த்தார். "இத்தினி வருஷம் ஒண்ணும் ஆவலையேம்மா"ன்னார்.

அதுக்கு என்கிட்ட சூத்திரம் இல்ல. "நீ நல்லா ஓட்டுற, அதனால ஆவல. எதிர்ல வர்றவனும் நல்லா ஓட்டணுமே"ன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "சரி, எதைப் பார்த்து வாங்கறதுன்னு எழுதிக் குடு"ன்னார்.

எழுதிக் கொடுத்தேன். உங்க வீட்லயும் பழைய வண்டி மாத்துற பேச்சு இருந்தா இது உதவும்:

1. பயணிகள் கார்ல டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில இருந்தும், பக்கத்து சீட் ஏர்பேக் எல்லா மாடலுக்கும் 2022 தொடக்கத்துல இருந்தும் கட்டாயம். செகண்ட் ஹேண்ட்ல தேடினா தயாரிச்ச மாசம், வருஷம் முதல்ல பாருங்க.

2. சரக்கு மாடலுக்கும் பயணிகள் மாடலுக்கும் பாதுகாப்பு அம்சங்கள் ஒண்ணா இருக்கும்னு நம்பாதீங்க. என்னென்ன இருக்குன்னு நேர்ல பார்த்து உறுதி பண்ணுங்க.

3. ஸ்டார் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீங்க. எந்த வருஷத்து மாடல், ஏர்பேக் இருந்த வண்டியா இல்லாததான்னு பாருங்க.

4. சீட் பெல்ட் வேலை செய்யுதான்னு இழுத்துப் பாருங்க. பெல்ட் போடாம உட்கார்ந்தா ஏர்பேக் காப்பாத்தும்னு நினைக்க வேண்டாம்.

ஆம்னி இன்னும் போகல. நல்ல விலை வர்ற வரைக்கும் ஓட்டட்டும்னு இருக்கார். ஆனா முன்சீட்ல இப்போ ஆள் ஏத்துறதில்ல, அங்க அரிசி மூட்டைதான் உட்காருது. "மூட்டைக்கு முட்டி கிடையாதும்மா"ன்னு சிரிக்கிறார்.

நான் ஹாஸ்டலுக்குத் திரும்பி எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டிராயிங்கை எடுத்தேன். எடை குறைக்கணும்னு மூணு இடத்துல தகட்டோட தடிமனைக் குறைச்சிருந்தோம். ரெண்டை அப்படியே விட்டேன். மூணாவது, ஓட்டுறவரோட காலுக்கு முன்னாடி வர்ற இடம். அதைப் பழையபடியே மாத்திட்டேன். டீம்ல ஏன்னு கேட்டாங்க. இந்தத் தடவை பேச்சை மாத்தல. முதல்ல ஓட்டின ஜப்பான் கார் எதுன்னு சொல்லி ஆரம்பிச்சேன்.